பாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறதா? மினி பஸ் முதல் திருவிழா மேடை வரை

சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புரளத் தொடங்கியதும் டெல்டாவில் திருவிழாக் காலம் வந்துவிடும். மாசியில் ஆரம்பித்து வைகாசி வரை ஏதாவது ஓர் ஊரில் காப்புக் கட்டியிருப்பார்கள். கூடவே வழக்கமான செய்திகளும் வரும். ஆடல் பாடல் மேடை முன்னால் "எங்க பாட்டைப் போடு" என்று இளவட்டங்களுக்குள் தள்ளுமுள்ளு. பிளஸ் ஒன் பையன் வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பாட்டால் பள்ளிக்கூட வாசலில் அடிதடி. புதுப்படப் பாட்டில் குடியும் புகையுமாக இருக்கிறது என்று யாரோ ஒருவரின் புகார்.

அப்புறம் டீக்கடையில் இரண்டு கட்சி பிரியும். "பாட்டுதான் பயலுவளக் கெடுக்குது" என்பது ஒன்று. "நாங்களுந்தான் கேட்டோம், கெட்டா போயிட்டோம்?" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் பார்ப்பது பாட்டின் வரியை மட்டும்தான். ஐம்பது அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், வரியைவிடப் பெரிய சங்கதி வேறு இடத்தில் இருக்கிறது: பாட்டு எங்கே ஒலிக்கிறது, எத்தனையாவது தடவை ஒலிக்கிறது, அப்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்.

'தாக்கம்' என்றால் எது?

பதின்பருவம் என்று இங்கே சொல்வது 13 முதல் 19 வயது வரை. வெகுஜன இசை என்பதில் சினிமாப் பாட்டு, தனி ஆல்பம், கானா, ஹிப்ஹாப், திருவிழா ரீமிக்ஸ் எல்லாம் அடக்கம். குழப்பம் வருவது 'தாக்கம்' என்ற சொல்லில். அதற்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் கிடக்கின்றன.

1. மனநிலை: பாட்டு ஓடும்போதும் முடிந்த சில நிமிடங்களிலும் ஏற்படும் கிளர்ச்சி, சோகம், கோபம்.

2. மனப்போக்கு: பெண்கள், குடி, சாதி, வீரம் பற்றியெல்லாம் மனசுக்குள் படியும் எண்ணம். மாதக்கணக்கில் உருவாவது.

3. நடத்தை: உண்மையிலேயே கை நீட்டுவது, குடிப்பது, ஒரு பெண்ணைப் பின்தொடர்வது. அல்லது ஒருவருக்கு உதவுவது.

முதலாவதற்கு ஆதாரம் ஏராளம். இரண்டாவதற்குக் கொஞ்சம் இருக்கிறது. மூன்றாவதற்கு வரும்போது ஆதாரம் மெலிந்துவிடுகிறது. விவாதங்களில் நடப்பது என்னவென்றால், முதலாவதற்கான ஆதாரத்தைக் காட்டி மூன்றாவதை நிரூபித்துவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள்.

மினி பஸ் நடத்தும் பாடம்

2011இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிடித்த பாட்டைக் கேட்கும்போது மூளையில் டோபமைன் சுரப்பதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். நல்ல சாப்பாடு கிடைத்தாலும் சுரக்கும் அதே வேதிப்பொருள்தான். இதில் சுவாரசியம், பாட்டின் உச்சத்தில் மட்டும் அது சுரக்கவில்லை. உச்சம் வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் அந்தச் சில நொடிகளிலேயே தொடங்கிவிடுகிறது. தெரிந்த பாட்டுக்கு ருசி கூடுவது அதனால்தான். பதின்பருவத்தில் இந்தச் சந்தோஷச் சுற்று வேகமாகத் துடிக்கும். யோசித்து நிதானிக்க உதவும் முன்மூளைப் பகுதி முழுசாக முதிர்வதற்கோ 25 வயதை நெருங்கவேண்டியிருக்கும். வண்டியில் ஆக்சிலேட்டர் மாட்டியாகிவிட்டது, பிரேக் இன்னும் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பழக்கம். உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் அர்த்தமே இல்லாத சொற்களையும், சீனம் தெரியாதவர்களிடம் சீன எழுத்துகள் போன்ற குறிகளையும் திரும்பத் திரும்பக் காட்டினார். அதிகத் தடவை கண்ணில் பட்டவை நல்ல அர்த்தம் உள்ளவையாகத்தான் இருக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். பார்த்துப் பழகியதாலேயே ஒன்று பிடித்துப்போகும் என்பதற்கு இன்றும் அடிப்படையாகச் சொல்லப்படும் ஆய்வு இது.

இதற்கு டெல்டாவில் ஆய்வுக்கூடம் தேவையில்லை. காலை எட்டேகால் மினி பஸ்ஸில் ஏறினால் போதும். 1997இல் தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்ததிலிருந்து, பெரிய பஸ் போகாத வாய்க்கால் கரை ஊர்களையெல்லாம் டவுனோடு இணைப்பவை இவைதான். டிரைவர் தலைக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர், பின்சீட்டுக்கு மேலே இரண்டு. டிரைவருக்கு நாற்பது வயதென்றால் ஓடுவது எண்பதுகளின் பாட்டு. ஜன்னலோரம் புத்தகப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பிறந்தது அந்தப் பாட்டு வந்து கால் நூற்றாண்டு கழித்து. ஆனால் பல்லவிக்கு முந்தின வயலின் எங்கே நின்று தபேலா எங்கே விழும் என்று அதற்குத் தெரியும்; கம்பியில் விரல் சரியாக அந்த இடத்தில் தட்டும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அது விரும்பித் தேர்ந்தெடுக்கவும் இல்லை. தினம் இரண்டு வேளை, அரை மணி நேரம், வருஷத்துக்கு இருநூறு நாள்.

அந்தப் பாட்டுகளிலும் பெண்ணை மறித்துப் பாடுவது உண்டு, குடித்துவிட்டுப் பாடுவது உண்டு. பழசு என்பதால் நாம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஊருக்குப் பிடித்தது எனக்கும் பிடிக்கும்

பழக்கத்தைவிட வலுவானது கூட்டம். அமெரிக்காவில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு அறிமுகமில்லாத பாட்டுகளின் 15 நொடித் துண்டுகளைப் போட்டுக்காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு, அந்தப் பாட்டு மற்றவர்களிடம் எவ்வளவு பிரபலம் என்பதை நட்சத்திரங்களாகக் காட்டி, மறுபடி மதிப்பெண் கேட்டார்கள். பலர் தங்கள் மதிப்பெண்ணைப் பிரபலத்தின் பக்கம் நகர்த்தினார்கள். 2010இல் வெளியான இந்த ஆய்வில் முக்கியமானது மூளைப் படம். மதிப்பெண்ணை அதிகமாக மாற்றியவர்களிடம் அப்போது கூடுதலாக இயங்கியது மகிழ்ச்சியோடு தொடர்புள்ள பகுதி அல்ல. பதற்றத்தோடு தொடர்புள்ள பகுதி. அந்தப் பாட்டு திடீரென்று இனித்துவிடவில்லை. தன் ரசனை ஊரோடு ஒட்டவில்லையே என்ற உறுத்தல்தான் மாற்றியிருக்கிறது.

2006இல் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் இதையே பெரிய அளவில் பார்த்தார்கள். யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள். 14,000க்கும் மேற்பட்டோர் வந்து கேட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வெறும் பாட்டு மட்டும். மற்றவர்களைத் தனித்தனி 'உலகங்களாக'ப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த இடங்களில் ஹிட்டான பாட்டு மேலும் ஹிட்டானது. ஆனால் ஓர் உலகத்தின் ஹிட் இன்னோர் உலகத்தில் அடையாளமே இல்லாமல் போனது. ரொம்ப மோசமான பாட்டு முதலிடத்துக்கு வருவது அபூர்வம், ரொம்ப நல்லது கடைசிக்குப் போவதும் அபூர்வம். இடையில் இருந்ததெல்லாம் ஏறக்குறைய அதிர்ஷ்டம்.

யூடியூபில் பாட்டுக்குக் கீழே தெரியும் 'வியூஸ்' எண்ணிக்கை பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. "உன் செட்டு இங்கேதான் இருக்கு" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்கிறது.

அப்படியானால் வரிக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. இந்த இடத்தில் நிதானமாகப் போகவேண்டும்.

1. கிரெய்க் ஆண்டர்சன் குழு, 2003. 500க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் 5 சோதனைகள். வன்முறை வரிகள் உள்ள பாட்டைக் கேட்டவர்களிடம் பகைமை உணர்வும் வன்முறை எண்ணமும் கூடின. ஆனால் அளந்தது எண்ணத்தை: அரைகுறைச் சொல்லை நிரப்பச் சொன்னால் 'அடி' என்ற அர்த்தம் வரும்படி நிரப்புகிறார்களா என்பது மாதிரி. யாரும் யாரையும் அடிக்கவில்லை. இந்த விளைவு சீக்கிரமே கலைந்துவிடக்கூடும் என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள்.

2. பீட்டர் ஃபிஷர், டோபியாஸ் கிரைட்மையர், 2006, ஜெர்மனி. பெண்களை இழிவுபடுத்தும் பாட்டைக் கேட்ட ஆண்களிடம், இன்னொருவருக்குக் கொடுக்க மிளகாய்ச் சாஸ் ஊற்றச் சொன்னார்கள். வாங்கப்போவது பெண் என்றால், ஆணுக்கு ஊற்றியதைவிட அதிகமாக ஊற்றினார்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் எண்ணத்தைத் தாண்டிக் கைக்கு வந்துவிட்ட விளைவு இது.

3. ஸ்டீவன் மார்டினோ குழு, 2006, அமெரிக்கா. 12 முதல் 17 வயதுள்ள 1,461 பேரை மூன்று தடவை, ஓரிரு ஆண்டு இடைவெளிகளில் விசாரித்தார்கள். எதிர்பாலினரை வெறும் உடம்பாக இழிவுபடுத்தும் பாட்டுகளை அதிகம் கேட்டவர்கள் பாலியல் அனுபவங்களுக்குள் சீக்கிரம் நுழைந்திருந்தார்கள். பாலுறவைப் பற்றிப் பாடினாலும் இழிவு இல்லாத பாட்டுகளுக்கு அந்தத் தொடர்பு தென்படவில்லை.

4. கிரைட்மையர், 2009. உதவும் குணத்தைப் பாடும் பாட்டைக் கேட்டவர்கள் கூடுதலாக உதவினார்கள். கத்தி இரண்டு பக்கமும் வெட்டும்.

இரண்டையும் மூன்றையும் சேர்த்துப் படித்தால், நம் ஊர்ச் சண்டைகளில் பெரும்பாலும் தப்பான பாட்டின் மேல்தான் பாய்கிறோம் என்று நினைக்கத் தோன்றுகிறது. 'ஆபாசம்' என்ற சொல் கேட்டால் கொதிக்கிறோம். "வேண்டாம்னு சொன்ன பொண்ணு துரோகி" என்று முழுப்பாட்டாக அழும் சூப் பாட்டு வந்தால், "பாவம் பையன்" என்று வால்யூமைக் கூட்டுகிறோம். இழிவு இருப்பது இரண்டாவதில்தான்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மூன்றாவது ஆய்வு தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை அல்ல. தவளை கத்துகிறது, மழை வருகிறது. தவளை கத்தியதால் மழை வந்தது என்று டெல்டாவில் யாரும் சொல்லமாட்டார்கள். மழை வரும் ஈரம் அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அதுபோல, வீட்டில் ஏற்கெனவே அடிதடி பார்த்து வளர்ந்த பையன் முரட்டுப் பாட்டைத் தேடிப் போகலாம். ராத்திரி முழுக்க ஒரே சோகப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் பிள்ளையிடம் பாட்டைப் பிடுங்குவதால் பிரயோசனமில்லை. சாப்பாடு, தூக்கம், சிநேகிதர்கள் எல்லாம் சேர்ந்து குறைந்திருந்தால் கவனிக்கவேண்டியது பிள்ளையை. அரசின் டெலிமனஸ் மனநல உதவி எண் 14416 அதற்குத்தான் இருக்கிறது.

கயிறும் பாட்டும்

டெல்டாவுக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். இங்கே பாட்டு காதலைவிடக் கூட்டத்தோடு அதிகம் பிணைந்தது.

சேர்ந்து ஒரே தாளத்தில் அசைபவர்கள் ஒருவரோடொருவர் கூடுதலாக ஒத்துழைக்கிறார்கள் என்று ஸ்காட் வில்டர்மத், சிப் ஹீத் இருவரும் 2009இல் சோதனை செய்து காட்டினார்கள். நடவுப்பாட்டு பாடி, குலவையிட்டு, ஒரே வரிசையில் குனிந்து நாற்று ஊன்றியவர்களிடம் கேட்டிருந்தால் இதை முன்பே சொல்லியிருப்பார்கள். கட்சிகளுக்கும் இது தெரியும். நாகூர் ஹனீபாவின் கணீர்க் குரல் இல்லாமல் அந்தக்கால திமுக மாநாட்டை நினைத்துப் பார்க்க முடியுமா?

ஆனால் 'நாம்' என்று ஒன்று இறுகும்போது 'அவர்கள்' என்று ஒன்றும் கூடவே உருவாகும். ஒரு படத்தில் ஒரு பாத்திரத்துக்காக எழுதிய பாட்டு, ஊருக்குள் வரும்போது ஒரு சாதியின் பாட்டாக மாறிவிடுகிறது. வரியில் சாதிப் பெயர்கூட இருக்காது. எந்தத் தெரு வழியாக ஊர்வலம் போகும்போது அந்தப் பாட்டைப் போடுகிறார்கள், எந்த வீட்டு முன்னால் சத்தத்தைக் கூட்டுகிறார்கள் என்பதில்தான் அர்த்தம் முழுவதும் இருக்கிறது. அதே பாட்டு தஞ்சாவூர் ஜவுளிக்கடையில் ஓடினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி அணிவதைத் தடுக்கச் சொன்னது அந்தக் குழு. பதின்பருவப் பையனுக்கு ஸ்டேட்டஸ் பாட்டும் அந்தக் கயிறு மாதிரிதான். பாட்டை ரசிப்பதற்காக அல்ல, தான் யார் பக்கம் என்று காட்டுவதற்காக வைக்கிறான். ஒரே வித்தியாசம், கயிற்றை வாசலில் நிறுத்தி அவிழ்க்கச் சொல்லலாம்.

நீதிமன்றங்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. தஞ்சை, திருச்சி மாவட்டங்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குள் வருகின்றன. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அந்தக் கிளை அனுமதி தரும் உத்தரவுகளில் வழக்கமாக வரும் நிபந்தனைகளைப் பாருங்கள்: ஆபாச நடனம் கூடாது, எந்தக் கட்சியையோ, மதத்தையோ, சாதியையோ குறிக்கும் பாட்டும் ஆட்டமும் கூடாது. இந்த இரண்டில் முதலாவதைத்தான் ஊரில் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இதில் ரீல்ஸ் ஒரு புது வேலை செய்கிறது. நாலரை நிமிஷப் பாட்டில் 20 நொடியை மட்டும் வெட்டியெடுக்கிறது. படத்தில் அந்த வரியைப் பாடியவன் கடைசியில் செத்துப்போகும் வில்லனாக இருக்கலாம், அல்லது அது கேலியாகவே எழுதப்பட்டிருக்கலாம். துண்டில் அதெல்லாம் இருக்காது. மீசை முறுக்கும் இரண்டு வரி மட்டும் இருக்கும். அதையும் நூறு தடவை கேட்டாகிவிடும். சயான்ஸின் பழக்கம், பெர்ன்ஸின் கூட்டம், ஆண்டர்சனின் வரி மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

தடை போட்டால்?

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதைச் சுருக்கினார். கேட்கிறவர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். கோடியக்கரையிலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். நாகை, வேதாரண்யம் பக்கத்து வீடுகளில் எந்த நிலையம் பாடியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்து வருஷத்தில் அரசே இறங்கிவந்து, 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கியது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது; அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து அந்த இடத்தை நிரப்பியது. தணிக்கை வாரியமும் எல்லாவற்றையும் பிடிக்காது. அது சான்று தருவது திரையில் ஓடும் படத்துக்கு. யூடியூபில் தனியாக வரும் ஆல்பம் பாட்டுக்கு அந்தச் சான்று வேண்டியதில்லை.

ஆக, பாட்டைத் தடுப்பது நடக்காத காரியம். இடத்தையும் நேரத்தையும் சத்தத்தையும் கவனிப்பது நடக்கிற காரியம்.

சத்தம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் இத்தனை வாதத்துக்கு நடுவில் மறுப்பே இல்லாத தாக்கம் இதுதான். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் வரை கேட்கலாம், சத்தம் 90 ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்கிறது. ஆளுயர பாக்ஸுக்கு நேர் எதிரே நின்று ஆடும் பையன் அந்த வார ஒதுக்கீட்டை ஒரே ராத்திரியில் தீர்த்துவிடுவான். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகும் காதில் 'ஙொய்ங்' என்று கேட்டால், காது அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை மாநில அரசு விலக்கு தரலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை.

மற்றபடி, திருவிழா ராத்திரியில் இந்தக் கட்டுரை பேசிய அத்தனையும் ஓர் ஆளின் கைக்கு வந்து சேர்கிறது. மேடைக்குப் பக்கவாட்டில், ஜெனரேட்டர் வண்டிக்கு அருகே, பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் மைக்செட்காரர். ஒன்பதரை மணிக்கு மேல் பையன்கள் ஒவ்வொருவராக வந்து அவர் காதில் ஒரு பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். விழாக் கமிட்டி பெரியவர்கள் நோட்டீஸ் அடிக்கும்போதே அவரோடு உட்கார்ந்து, போடக்கூடாத பாட்டுகளைப் பேசி முடித்திருந்தால், "கமிட்டில வேணாம்னுட்டாங்க தம்பி, நான் வெளியூர்" என்று அவர் தப்பித்துக்கொள்வார். பேசியிருக்காவிட்டால், யாருடைய கூட்டம் பெரிசு என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு அந்தப் பாட்டை அழுத்துவார்.